சுவர் ஐயாவும் கண்ணாடிக் கடையும்

கடைத்தெரு முனையில் இருந்த அந்தச் சின்ன இரண்டடுக்குக் கட்டடத்தின் முன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே கூட்டம் முட்டி மோதியது. ஏதோ இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று நினைத்து வரிசையில் நின்றவர்களும் உண்டு. கொடுக்கத்தான் செய்தார்கள், பயத்தை. அதற்குக் கட்டணம் வேறு.

கொடுத்தவர் சுவர் ஐயா. சுவரில் காதை வைத்தால் போதும், கட்டிய நாளிலிருந்து பட்ட பாட்டையெல்லாம் அது அவரிடம் கொட்டிவிடும். ஊரில் முப்பது வீட்டுச் சுவர்கள் அவரிடம் மனம்விட்டுப் பேசியிருந்தன. ஒரு சுவராவது "எனக்கொரு குறையும் இல்லை, நீ போய் வேலையைப் பார்" என்று சொன்னதில்லை.

அந்தக் கட்டடம் ஓர் அண்ணனுக்கும் தங்கைக்கும் சொந்தம். கீழே தங்கையின் மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே அண்ணனின் காகிதக் கடை. கட்டடத்துக்கு வயது நூற்றுப்பத்து. முகப்பில் சுதையில் பூவேலை, உள்ளே சுழன்று ஏறும் வார்ப்பிரும்புப் படிக்கட்டு, ஒன்று முதல் ஒன்பது வரை எண் செதுக்கிய கதவுப் பலகைகள்.

"இந்த மாதிரி இன்னொண்ணு இந்தத் தெருவுலயே இல்லைம்மா. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா, பாதுகாக்க வேண்டிய கட்டடம்னு பட்டியல்ல சேர்த்துடலாம். அப்புறம் யாரும் கை வைக்க முடியாது" என்றார் நகராட்சிப் பொறியாளர்.

தங்கை அன்றைக்கே போட்டுவிட்டாள். அண்ணன் பேனாவைத் தேடிக்கொண்டிருந்த வாரத்தில், அவர் மகன் வண்டியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான்.

மறுநாளே சுவர் ஐயா வந்து நின்றார். யாரும் அழைக்கவில்லை. மகான்களுக்கு முகவரி தானாகக் கிடைத்துவிடும் போலிருக்கிறது.

கடையின் பின்சுவரில் காதை வைத்தார். கண்கள் சொருகின. "கட்டினவரு அழுறாரு. இதை இடிச்சு என்னை விடுதலை பண்ணுங்கன்னு கதறுறாரு. இந்தத் தடவை கால். அடுத்த தடவை..."

மீதியை அவர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் அண்ணனின் தூக்கத்தைக் கெடுத்தது.

"இடிச்சுட்டு மனையை வித்துடலாம்மா. பக்கத்து லாட்ஜ்காரரும் கேட்டுக்கிட்டே இருக்காரு."

"கார் நிறுத்த இடம் வேணும்னு அவரு அஞ்சு வருஷமாக் கேக்குறாரு அண்ணா. கட்டினவரு மட்டும் இந்த வாரம்தான் அழ ஆரம்பிச்சாரா?"

"உனக்கு எல்லாமே கேலி. ஆஸ்பத்திரியில கிடக்குறது என் பிள்ளை."

அந்தப் பிள்ளைக்கு முதல் கண்ணாடி மாட்டிவிட்டவளே அவள்தான். கேலி செய்தால் பயம் போகாது, அண்ணன்தான் போய்விடுவார் என்று புரிந்தது.

"சரி அண்ணா. ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாலயும் இன்னொரு தடவை கேட்டுச் சொல்லட்டும். அவரு கேக்குறது நிஜம்னா, இடிக்க நானும் சம்மதிக்கிறேன்."

சனிக்கிழமை 'கடை விடுமுறை' என்று எழுதித் தொங்கவிட்டு, உள்ளே தச்சரோடு வேலையில் இறங்கினாள். பின்சுவருக்கு ஒரு சாண் முன்னால் தச்சர் சட்டம் அடித்தார், மெல்லிய பலகை பொருத்தினார், சுண்ணாம்பு பூசினார், மூலையில் கொஞ்சம் அழுக்கும் தேய்த்தார்.

"பழசு மாதிரி இருக்காம்மா?"

"நமக்கு இல்லை. அவருக்கு இது போதும்."

ஞாயிறு வந்தது. கூட்டமும் வந்தது. லாட்ஜ்காரர் முதல் ஆளாகக் கைகட்டி நின்றார். சுவர் ஐயா பின்சுவரை நெருங்கிக் காதை ஒட்டினார். உடம்பு நடுங்கியது.

"அதே குரல்! நூத்திப்பத்து வருஷத்து வேதனை! ஒவ்வொரு செங்கல்லும் கதறுது!"

கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்தபடி அவள் கேட்டாள். "ஒவ்வொரு செங்கல்லுமா?"

"ஒண்ணு விடாம!"

"நல்லாக் கேட்டுச் சொல்லுங்க ஐயா. அவசரமில்லை."

"என் காதையே சந்தேகப்படுறியா? கட்டினவரு தன் கையால எழுப்பின சுவர் இது! அவரு இங்கேயேதான் நிக்கிறாரு!"

"அது உண்மை" என்றாள் அவள். "கட்டினவரே, கொஞ்சம் முன்னால வாங்க."

தச்சர் திருப்புளியோடு வந்தார். சுண்ணாம்பைச் சுரண்டி நாலு திருகாணியைக் கழற்றினார். 'நூற்றுப்பத்து வருஷச் சுவர்' அவர் கையோடு வந்துவிட்டது. பின்னால் நிஜச் சுவர் வாயே திறக்காமல் நின்றது.

"நேத்து மத்தியானம் எழுப்பினேனுங்க" என்றார் தச்சர். "அழுற அளவுக்கு எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கூலிகூட வாங்கிட்டேன்."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. வாசலுக்குப் பாய்ந்த சுவர் ஐயா லாட்ஜ்காரர் மீதே மோதினார்.

"யாருய்யா நீ? தள்ளிப் போ!" என்றார் லாட்ஜ்காரர்.

"என்ன முதலாளி, நீங்க சொல்லச் சொன்னதைத்தானே சொன்னேன்!"

அவ்வளவு பேர் சிரிப்பிலும் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. பலகையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "அப்போ என் பிள்ளை கால்?"

"மழையில வழுக்குற ரோடு. தேய்ஞ்ச டயர். அதை மாத்துங்க அண்ணா, சுவரை விட்டுடுங்க."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பேனா இருக்கா?" என்றார். காகிதக் கடைக்காரருக்குத் தங்கைதான் பேனா கொடுத்தாள். அந்த மாதமே கட்டடம் பட்டியலில் ஏறியது.

கூட்டத்தில் ஒருவருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "பலகைங்கறதாலதான் தப்பாயிடுச்சோ? நிஜச் சுவர்ல வச்சிருந்தா சரியாச் சொல்லியிருப்பாரோ?"

அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை யாராவது சுவர் பேசுகிறது என்று வந்தால், அது இடிந்தால் லாபம் யாருக்கு என்று முதலில் அந்த ஆளைக் கேளுங்கள். பதில் வரும்வரை சுவர் காத்திருக்கும். உங்கள் மூளையும் இத்தனை நாள் சும்மாதானே இருந்தது, அதையும் அப்போது கொஞ்சம் பேச விடுங்கள்.