அலுமினிய ஆக்சில் தேர்வுக் குழு

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் சாலையில் ஓர் அரசு அலுவலகம் இருந்தது. எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் ஏன் சொன்னாய் என்று விளக்கம் கேட்டு ஓலை வரும். அங்கே இருப்பிடச் சான்று கொடுப்பார்கள். ஒருவர் தம்முடைய வீட்டில்தான் குடியிருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்தால் போதாது, அரசுக்கும் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக ஏற்பட்ட சான்று.

அலுவலகத்தில் முக்கியமான மேஜைகள் இரண்டு. வாசலோரம் எழுத்தர் கனகாவின் மேஜை. எதிர்க்கோடியில் அதிகாரி ஏகாம்பரத்தின் மேஜை. இடையே பன்னிரண்டு அடி. அந்தப் பன்னிரண்டு அடியை இருபது வருஷமாகக் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு கடந்தவர் அலுவலக உதவியாளர் சிட்டம்மாள்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஏகாம்பரம் ஊட்டியில் மூன்று நாள் நிர்வாகச் சீர்திருத்தப் பயிற்சிக்குப் போய்விட்டு, ஒரு ஸ்வெட்டரோடும் ஒரு கொள்கையோடும் திரும்பினார். லஞ்சம் எதனால் வருகிறது? கோப்பு கை மாறுவதால் வருகிறது. கையே படாவிட்டால் லஞ்சம் எங்கிருந்து வரும்? உடனே ரிமோட்டில் ஓடும் மான்ஸ்டர் டிரக் ஒன்று வாங்கப்பட்டது. முழங்கால் உயரம், பூசணிக்காய் பருமனில் நான்கு டயர், மேலே கோப்பு வைக்க ஒரு தட்டு. ‘இனி எந்தக் கோப்பும் மனிதக் கரங்களால் நகர்த்தப்படலாகாது’ என்று சுற்றறிக்கை வந்தது. சிட்டம்மாள் கையில் ரிமோட் வந்தது.

ஜனங்கள் சொக்கிப்போனார்கள். புள்ளலூரிலிருந்தெல்லாம், எந்தச் சான்றும் தேவைப்படாதவர்கள்கூட மனு எழுதிக்கொண்டு வந்து, தங்கள் மனு டிரக்கில் போவதைக் கண்குளிரப் பார்த்துவிட்டுப் போனார்கள். பக்கத்து அலுவலகத்துக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல். இப்படியாக நவீனமயம் இரண்டு மாதம் ஓடியது.

மூன்றாம் மாதம், நாற்பது வருஷ வயதுள்ள ஓர் ஏரி ஆக்கிரமிப்புக் கோப்பை ஏற்றினார்கள். பின் சக்கரங்களைத் தாங்கும் அச்சு, அதாவது பின் ஆக்சில், படக்கென்று உடைந்தது.

அன்று அங்கே வரிசையில் நின்றவர்களில் சிராஜுதீனும் ஒருவர். உத்திரமேரூர் பஜாரில் ரேடியோ, மிக்சி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். துபாயில் ஆறு வருஷம் பொம்மைக் கடையில் இதே மாதிரி வண்டிகளைப் பிரித்துப் போட்டவர். அவருடைய மகள் சாய்ராவுக்குக் காஞ்சிபுரத்தில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் இருப்பிடச் சான்று கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்கு. அன்று திங்கட்கிழமை. சாய்ராவின் கோப்பு மற்ற எல்லாக் கையெழுத்தும் முடிந்து, அதிகாரி கையெழுத்துக்காகக் கனகாவின் மேஜையில் காத்திருந்தது.

“இன்னாமா இது, பன்னெண்டு அடி. குடு, நானே எடுத்துக்கினு போறேன்” என்றார் சிராஜுதீன்.

“ஐயோ, கை படக்கூடாதுங்க பாய்” என்று கனகா கோப்பைச் சேலைத் தலைப்பால் மூடினாள்.

“அப்ப அதிகாரிய இங்க வரச் சொல்லு.”

“அதிகாரி கோப்பை நோக்கி நகரலாம்னு விதியில இல்ல.”

சிராஜுதீன் வெளியே போய், சைக்கிள் கடையில் சக்கரத்துக்குப் போடும் போக்ஸ் கம்பி ஒன்று வாங்கி வந்தார். வளைத்தார், செருகினார், முறுக்கினார். ஐந்தே நிமிஷம். வண்டி ஓடியது. சிட்டம்மாள் கை தட்டினாள்.

ஏகாம்பரம் எழுந்து வந்து பார்த்தார். அவர் முகம் கறுத்தது. “யார் அனுமதியில் இது ஓடுகிறது?”

“ஓடுதுல்ல சார்!”

“அதுதான் ஆபத்து. ஓடுகிற வண்டிக்குப் புது ஆக்சில் வாங்கினால் தணிக்கையில் என்ன பதில் சொல்வது? கழற்றும்.”

கம்பி கழற்றப்பட்டது. அரசுக்குச் சொந்தமில்லாத கம்பி என்பதால், அதைத் திருப்பி வாங்கிக்கொண்டதற்குச் சிராஜுதீனிடம் கையெழுத்தும் வாங்கினார்கள்.

அவருக்கு ரத்தம் கொதித்தது. “இதுக்கு அலுமினியம் ஆக்சில் போடணும் சார். பிளாஸ்டிக்குல கீறதாலதான் ஒடியுது. எனுக்குத் தெரியும், ஆறு வருசம் இதுதான் பொழப்பு” என்று கத்தினார். கத்தியது வினையாகிவிட்டது. விஷயம் தெரிந்த ஆள் வரிசையில் நிற்பதா என்று ஏகாம்பரம் பதறிப்போனார். மறுநாளே ‘அலுமினிய ஆக்சில் தேர்வு உயர்மட்டத் தொழில்நுட்பக் குழு’ அமைந்தது. சிராஜுதீனுக்கு ஒரு நாற்காலி, சட்டையில் குத்திக்கொள்ள ஓர் அட்டை, பதினொரு மணிக்கு டீயும் இரண்டு பிஸ்கட்டும். அட்டையில் ‘வல்லுநர்’ என்று இருந்தது. அன்று மாலை அவர் அந்த அட்டையோடுதான் கறிக்கடைக்குப் போனார்.

சென்னையிலிருந்து மூன்று மாதிரி ஆக்சில்கள் வந்தன: நீலம், சிவப்பு, வெள்ளி. நீலம் ஒரு கட்சிக்குச் சொந்தம், சிவப்பு இன்னொரு கட்சிக்குச் சொந்தம் என்று அரை நாள் விவாதித்து இரண்டையும் தள்ளினார்கள்.

“எவர்சில்வரில் கிடையாதா? அலுமினியம் என்றால் சோற்றுப் பானை மாதிரி இருக்கிறதே” என்றார் ஏகாம்பரம்.

“எவர்சில்வரு கனம் சார். மோட்டார் திணறும். அலுமினியந்தான் லேசு, கெட்டி.”

வெள்ளி நிற ஆக்சிலைக் கையில் உருட்டியபோது சிராஜுதீனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. சுத்தமான வேலைப்பாடு, ஒரு பிசிறு இல்லை. துபாயில்கூட இப்படி ஒன்றைத் தொட்டதில்லை.

“ஒண்ணு சார். பின்னாடி மட்டும் அலுமினியம் போட்டா இழுவை பூரா முன்னாடி வந்து உக்காரும். முன்னால கீற பிளாஸ்டிக்கு தாங்காது. ரெண்டையும் மாத்திடணும்.”

“முன் ஆக்சில் உடைந்துவிட்டதா?”

“இன்னும் இல்ல.”

“உடையாததை மாற்றினால் வீண் செலவு. உடைந்த பிறகு முறைப்படி மாற்றலாம்.”

திங்கட்கிழமை சிராஜுதீனாக இருந்தால் சண்டை போட்டிருப்பார். புதன்கிழமை வல்லுநர், ‘முன் ஆக்சில் உரிய காலத்தில் உடைந்த பின் பரிசீலிக்கப்படும்’ என்று நடவடிக்கைக் குறிப்பில் தம் கைப்படவே எழுதினார். எழுத்து அழகாக வந்திருந்தது.

ஆனால் ஆக்சில் கோப்பும் கோப்புதானே? அதிலும் அதிகாரி கையெழுத்து வேண்டும். அதுவும் டிரக்கில்தான் போக வேண்டும். ஆக்சில் இல்லாமல் டிரக் போகாது. கடைசியில், வியாழக்கிழமை, ஏகாம்பரம் தம்முடைய உருளும் சுழல் நாற்காலியைப் பார்த்தார். அதில் உட்கார்ந்தபடியே, சிட்டம்மாள் பின்னாலிருந்து தள்ள, கனகாவின் மேஜைக்கு உருண்டு வந்தார். அதிகாரி நகர்ந்ததாக ஆகாது. வாகனத்தில் சுற்றுப்பயணம் வந்ததாகவே ஆகும். பன்னிரண்டு அடிக்குப் பயணப்படிப் பட்டியலும் போட்டார்.

ஆக்சில் கோப்பில் கையெழுத்து விழுந்தது. அதை ஒட்டினாற்போலச் சாய்ராவின் கோப்பு. வாசலில் நின்ற சாய்ரா, “சார், பக்கத்துலயே கீது சார், அதுலயும் ஒண்ணு போட்டுடுங்க” என்றாள்.

“இது ஆக்சில் சம்பந்தமான சுற்றுப்பயணம், அம்மா. வேறு கோப்பைப் பார்த்தால் பயணப்படியில் ஆட்சேபம் வரும்.”

சாய்ரா அப்பாவைப் பார்த்தாள். அவர் ஆக்சிலைத் துடைத்துக்கொண்டிருந்தார். “நாளைக்கு முதல் கோப்பே உன்னுதுதாம்மா. அதுக்கு நான் பேசிட்டேன்” என்றார்.

வெள்ளிக்கிழமை. காலையில் ஆக்சில் பூட்டியாயிற்று. பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம், ஏகாம்பரம் ஒப்பவில்லை. அதன்பின் ஜும்மா தொழுகை, சிராஜுதீன் ஒப்பவில்லை. அதன்பின் ஏகாம்பரத்தின் சாப்பாடு, யாரும் ஆட்சேபிக்கவில்லை. இரண்டரை மணிக்கு டயரடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். காஞ்சிபுரத்துக்கு மூன்று மணி பஸ் போய்விட்டால், கல்லூரி மூடுவதற்குள் போய்ச்சேரச் சாய்ராவுக்கு வேறு வழியில்லை.

பழத்தை நசுக்கிக்கொண்டு, சாய்ராவின் கோப்பைச் சுமந்து டிரக் சீறிக் கிளம்பியது. கூட்டம் விசிலடித்தது. அலுமினிய ஆக்சில் அசையவில்லை, வளையவில்லை. ஆறாவது அடியில் முன் ஆக்சில் படக்கென்று உடைந்தது.

“சொன்னேன் பாத்தியா! நான் சொன்னேன்ல!” என்று சிராஜுதீன் துள்ளிக் குதித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். முன் ஆக்சிலைப் பரிசீலிக்கக் குழுவின் குறிப்பேட்டைத் திறந்தேவிட்டார்.

மணி இரண்டு ஐம்பது. சாய்ரா விறுவிறுவென்று உள்ளே வந்தாள். தட்டிலிருந்து கோப்பை எடுத்தாள். மிச்சமிருந்த ஆறு அடியை நாலே எட்டில் நடந்து அதிகாரி முன்னால் வைத்தாள். பேனாவையும் திறந்து நீட்டினாள்.

வரிசையில் இருந்தவர்கள்தான் முதலில் ஆரம்பித்தார்கள்.

“நாங்கள்லாம் இன்னா கேனயனா? நாலு நாளா நின்னுக்கினுகீறோம்!”

“கைல எடுத்துக்கினு போனா ஊழல் ஆச்சே!”

ஏகாம்பரம் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டார், கோப்பு பட்டுவிடக் கூடாதே என்று. “பாதி வழியில் கை பட்ட கோப்பு செல்லுமா? வல்லுநரின் கருத்து என்ன?”

எல்லோரும் சிராஜுதீனைப் பார்த்தார்கள். சாய்ராவும் பார்த்தாள்.

“அத்தா, பஸ்ஸு போய்டும்.”

அவர் வாய் திறந்தது. மகளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், அட்டையைச் சரிசெய்துகொண்டார். “கை பட்ட கோப்பு... மறுபடியும் முதல் மேஜையிலேர்ந்துதான் வரணும்” என்றார். கூட்டம் கை தட்டியது. பெற்ற மகளென்றும் பாராத நேர்மை என்று பேசிக்கொண்டார்கள். மூன்று மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

மறுவாரம் ஏகாம்பரம், முன் ஆக்சில் குறித்த சுற்றுப்பயணத்தின்போது இருப்பிடச் சான்றுகளையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். கருணை உள்ளவர்தான். சாய்ராவின் சான்று முத்திரையோடு வந்தது: மேற்படியாள் தன் தகப்பனார் சிராஜுதீன் வீட்டிலேயே வசித்துவருகிறாள் என்று.

ஆனால் மேற்படியாள் வெள்ளிக்கிழமை இரவே துணிமணியை எடுத்துக்கொண்டு தாமலில் இருக்கும் அத்தை ஜுனைதா வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். போகும்போது தகப்பனாரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆகவே சான்று பொய். பொய்ச் சான்று கண்ணில் பட்டும் ஒரு குழு உறுப்பினர் சும்மா இருக்க முடியுமா? என் மகள் என் வீட்டில் வசிக்கவில்லை என்பதை மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன் என்று சிராஜுதீன் மனு எழுதினார். அழுதுகொண்டேதான் எழுதினார் என்கிறாள் சிட்டம்மாள். மனுவில் ஈரம் எதுவும் தெரியவில்லை. அது இன்னும் கனகாவின் மேஜையில்தான் இருக்கிறது.