முனியம்மாளுக்குப் போட்ட ஏழு

மனித இதயத்தின் முழு வல்லமையை உலகம் அறிந்துகொண்டது பாலக்கோட்டில்தான். இன்னும் துல்லியமாகச் சொன்னால், எங்கள் தக்காளிக் கிடங்கில், போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. 'உடல்தகுதிக் குழு'வின் செயலாளர் என்ற முறையில் நானே அதைப் பதிவு செய்தேன்.

காரணம் முனியம்மாள். லாரியில் பெட்டி ஏற்றுபவர். மூச்சு வாங்குகிறது, தூக்க முடியவில்லை, உட்கார்ந்து தரம் பிரிக்கும் வேலை கொடுங்கள் என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வெறும் வாய்ப்பேச்சை நம்பி முடிவெடுக்க நாங்கள் என்ன கற்காலத்திலா இருக்கிறோம்? மேலாளர் அருள்குமார் அறிவியலை வரவழைத்தார். நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளாகவும், இதயத்துடிப்பு காட்டும் கைக்கடிகாரமாகவும் அது வந்து இறங்கியது.

முறை எளிது. துடிப்பைக் கடிகாரம் சொல்லும். சிரமத்தை மிதிப்பவர் எண்ணில் சொல்ல வேண்டும்: ஆறு என்றால் சும்மா இருப்பது, இருபது என்றால் இதற்குமேல் ஆகாது. இரண்டையும் வைத்து, இருபதைத் தொடும்போது இதயம் எவ்வளவு துடிக்கும் என்று குழு கணக்குப் போடும். அந்த விடை ஏற ஏற ஆள் திடம்.

முதலில் மேலாளர். நாலு மிதி மிதித்தார். துடிப்பு தொண்ணூற்றிரண்டு. "பத்தொம்பது போட்டுக்கய்யா, உசுரே போவுது" என்றார். போட்டேன். இருபதில் அவர் இதயம் தொண்ணூற்றேழைத் தாண்டாது என்று விடை வந்தது. எங்களுக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்து முனியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார். ஐந்தே நிமிடத்தில் துடிப்பு நூற்று அறுபத்தெட்டு. மேலாளர் குனிந்து, வாழ்நாளில் முதல் முறையாகப் பரிவோடு, "கஷ்டமா இருக்குதாம்மா?" என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் பெரிய மனிதர் பரிவாகக் கேட்டால் அவர் மனம் நோகப் பதில் சொல்லும் வழக்கமில்லை. பந்தியில் சோறு தீர்ந்துபோனாலும் ஒரே பதில்தான்.

"பரவால்லைங்க" என்றார் முனியம்மாள், இரைப்புக்கு நடுவே.

'பரவால்லை' எண்ணில் எவ்வளவு? குழு கால் மணி நேரம் விவாதித்தது. அதுவரை அவர் மிதித்துக்கொண்டிருந்தார். ஏழு என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. கணக்குப் போட்டால் இருபதில் நானூற்று எண்பது துடிப்பு! அப்படியோர் இதயம் இதுவரை எந்த ஆஸ்பத்திரிக்கும் வந்ததில்லை.

அன்றே உத்தரவு. பலவீனரான மேலாளர் இனி கிடங்கைச் சுற்றிப் பார்க்க வேண்டாம், ஏசி அறையிலேயே இருக்கலாம். அபூர்வப் பிறவியான முனியம்மாளுக்கு ஒரு நடைக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு பெட்டி, கைதட்டலுடன்.

நேற்று லாரிப் பலகையில் பாதி ஏறியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"முடியலைங்க சார்."

நான் கோப்பைத் திறந்து நானூற்று எண்பதைக் காட்டினேன். நீங்கள் சொன்னதை வைத்துப் போட்ட கணக்குதானம்மா என்று விளக்கினேன். அவர் அந்த எண்ணைப் பார்த்தார். பிறகு எழுந்து பெட்டிகளைத் தூக்கினார்.

தொழிலாளி சொல்லுக்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்கும் கிடங்கு தர்மபுரி மாவட்டத்திலேயே கிடையாது. ஆறு மாதமாக அவர் 'முடியலைங்க' என்று சொன்னதுதான் எங்கள் காதில் விழவில்லை. ஒரே ஒரு தடவை, மரியாதைக்காக, 'பரவால்லைங்க' என்றார். அதை மட்டும் அப்படியே நம்பிவிட்டோம்.