அப்பனக்கேளு எழுதிய லைப்ரரி

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே ஒரு விஷயத்தை இரண்டாவது தடவை சொல்லாத மனிதர் ஒருவர்தான். தொண்ணூறுகளில், காந்திபுரத்து மாடி ஒன்றில் இருந்த எங்கள் கம்ப்யூட்டர் கம்பெனியில், அவர் என் பக்கத்து நாற்காலிக்காரர். பெயர் அப்பனக்கேளு.

பெற்றோர் வைத்த பெயர் வேறு. இதை வாங்கிக் கொடுத்தது, பம்பு செய்யும் கம்பெனிகளுக்காக அவர் எழுதிய புரோகிராம் லைப்ரரி; மற்ற புரோகிராம்கள் எடுத்தாளும் பொதுத் தொகுப்பு. உச்சியில் கம்பெனி, அதற்குக் கீழே பம்பு வகைகள், அதற்கும் கீழே ஒவ்வொரு பம்பு என்று வம்சாவளி போலத் தகவலை அடுக்கி வைக்கும். 'பச்சை பெயிண்ட்' என்று உச்சியில் ஒரு தடவை எழுதினால் போதும். ஒரு பம்பிடம் நிறம் கேட்டால், தனக்கென்று பதில் இல்லாதபோது அது தனக்கு மேலே இருக்கும் அப்பனைக் கேட்கும். அப்பனுக்கும் தெரியாவிட்டால் தாத்தனைக் கேட்கும்.

மனுசன் எழுதியதோடு நிற்காமல் அப்படியே வாழவும் ஆரம்பித்துவிட்டார். மெஸ்ஸில் உட்கார்ந்ததும், "ஏனுங்க, இந்த மேசைக்குக் கத்திரிக்கா வேண்டாமுங்க" என்பார். எனக்கோ கத்திரிக்காய் என்றால் உயிர்.

"எனக்குப் போடுங்க" என்பேன் அவசரமாக.

"அவ்வளவுதானுங்க. உங்களுக்குன்னு தனியாச் சொல்லிப்போட்டீங்க. இனி மேசைப் பேச்சு உங்களைத் தொடாது" என்று ரசச் சோற்றைப் பிசைவார்.

ஒருநாள் பெரியநாயக்கன்பாளையத்து பம்புக் கம்பெனி முதலாளி சாப்ட்வேர் பார்க்க வந்தார். அந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் மாடிக்குப் பூட்டுதான் என்று மேனேஜர் காலையிலேயே சொல்லிவிட்டார். முதலாளிக்கு ஒரு வழக்கம். எந்தக் காகிதமானாலும் உச்சியிலிருக்கும் கம்பெனிப் பெயரைத் தொட்டுக் கும்பிடாமல் பேனாவை எடுக்கமாட்டார். பழைய மாடல் ஒன்றின் உற்பத்தியை மட்டும் கம்ப்யூட்டரில் நிறுத்திப் பார்க்கச் சொன்னோம். அங்கும் மரியாதையாகக் கம்பெனிப் பெயர் இருந்த முதல் வரிக்குப் போனவர், அங்கேயே 'உற்பத்தி இல்லை' என்று போட்டுவிட்டார். அத்தனை பம்பும் வரிசையாகப் படுத்துவிட்டது.

"ஏனுங்க, எங்கப்பாரு ஆரம்பிச்ச கம்பெனிய ஒத்த நிமிசத்துல மூடிப்போட்டீங்களே" என்றார் முதலாளி.

"நாங்க மூடலீங்க. நீங்கதானுங்க மூடுனீங்க" என்றார் அப்பனக்கேளு. மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் முதலாளி கடைசி வரியைப் பார்த்தார். ஒரே ஒரு பம்பு மட்டும் 'உற்பத்தி உண்டு' என்று நின்றது.

"இது மட்டும் எப்படிங்க தப்புச்சுது?"

"உங்கப்பாரு மொதமொதல்ல செஞ்ச பம்புங்களாமா. உங்க ஒர்க்சாப்புல சொன்னாங்க. மேல யாரு என்ன சொன்னாலும் அது நிக்கப்படாதுன்னு, அதுக்குன்னு தனியா எழுதிப்போட்டனுங்க."

முதலாளி அந்த வரியையும் தொட்டுக் கும்பிட்டார். துண்டு எடுத்துக் கண்ணைத் துடைத்தார். அப்பனக்கேளு உச்சியிலிருந்ததை அழித்தார். மற்ற பம்புகளும் எழுந்துகொண்டன. ஆர்டர் எங்களுக்கே.

முதலாளி போனதும் மேனேஜர் கேட்டார்: "அந்தப் பம்பு விசயத்த எங்கிட்ட ஏனுங்க சொல்லலே?"

"கம்ப்யூட்டர்கிட்டச் சொல்லிப்போட்டனுங்களே."

அப்பனக்கேளு பிறகு எங்கே போனார் என்று தெரியவில்லை. ஆனால் ஏதாவது ஒன்றுக்கு எனக்கென்று சொந்தப் பதில் இல்லாதபோது, என் மனசு இன்னும் அவரிடம்தான் போய்க் கேட்கிறது. அவர் என்ன சொல்லியிருப்பாரோ, அதுவே என் பதில்.

கத்திரிக்காய் விஷயத்தில் மட்டும் நான் தனி.