ஊர் பார்த்த சாவி

தல்லாகுளம்,
14.7.2005

பெங்களூர்க் கணினி சாம்ராஜ்யத்தின் இளவரசனும், என் அக்கா பெற்ற முத்துமாகிய கார்த்திகேஷுக்கு, தாய்மாமன் ராதாகிருஷ்ணன் வாழ்த்தி எழுதுவது. இங்கே மனிதர்கள் நலம். கம்ப்யூட்டர் மட்டும் மூன்று நாள் மௌனவிரதம் இருந்து நேற்றுத்தான் கலைத்தது.

மாப்ள, என் மகள் வித்யாஸ்ரீ வரைகிற சுங்குடிச் சேலை டிசைன்களைத் தினமும் ஐந்து மணிக்குள் சென்னைக் கம்பெனிக்குத் தானாக அனுப்பும்படி நீ ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தாயே, அது திங்கட்கிழமை கையை விரித்துவிட்டது. செவ்வாயும் அப்படியே. புதனும் வராவிட்டால் தீபாவளி ஆர்டர் வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளை சாப்பிடவே இல்லை. உன் போனோ தொடர்பு எல்லைக்கு வெளியே. நானே களத்தில் குதித்தேன். ஒயரை நான் பிடுங்கிச் செருகிய வேகத்தில் கோச்சடை வரை டெலிபோன் கம்பங்கள் ஆடின. சென்னைக்குப் பேசினால், "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார்" என்கிறான்.

கடைசியில் மாடியில் குடியிருக்கும் ஆங்கில வாத்தியார் சத்தியசீலன் வந்து திரையைப் பார்த்தார். "அண்ணே, அது மூணு நாளா காரணத்தச் சொல்லிக்கிட்டேதான் இருக்கு, நீங்கதான் படிக்கல. சென்னைக் கம்பெனி கம்ப்யூட்டரத் தொறக்குற ரகசிய எழுத்து இருக்குற சாவிக் கோப்பை யாரு வேணாலும் பாக்குற மாதிரி தொறந்து போட்டிருக்காம். அந்தச் சாவியத் தொடமாட்டேங்குது."

"யாருப்பா தொறந்தது?" என்று வித்யாஸ்ரீ திரும்பினாள்.

நான்தான். ஞாயிற்றுக்கிழமை உன் அத்தை, "என் சமையல் குறிப்பு தொறக்க மாட்டேங்குது" என்றாள். குடும்பத்துக்குள் என்ன ஒளிவுமறைவு என்று, பெட்டியிலுள்ள சகல கோப்புகளையும் சகலருக்கும் திறந்துவிட்டேன்.

அசந்துபோனேன் மாப்ள! அதே சாவி, அதே பூட்டு. சென்னை வாங்கிக்கொள்ளத் தயார். நம் வீட்டுப் பெட்டி, நான் தினமும் தூசி தட்டுகிற பெட்டி, "ஊர் பார்த்த சாவியை எடுக்க மாட்டேன்" என்கிறது! பாண்டியன் கோட்டைக் காவலாளிக்கே இம்புட்டு ரோஷம் இருந்திருக்காது. வித்யாஸ்ரீ அந்தக் கோப்பைத் தனக்கு மட்டும் என்று மாற்றினாள். மணி நாலு ஐம்பத்திரண்டு. பதினோரே விநாடி, டிசைன் சென்னையில்! பிள்ளை உட்கார்ந்து எட்டு இட்லி சாப்பிட்டாள். எனக்குப் புல்லரித்தது இன்னும் அடங்கவில்லை.

உன் திரையில் எந்நாளும் பிழைச்செய்தி தோன்றாதிருக்க மீனாட்சியம்மனை வேண்டும்,
மாமன்.

பி.கு.: இம்புட்டு மகிமை வாய்ந்த சாவி ஒரே இடத்தில் இருக்கலாமா? வித்யாஸ்ரீ இல்லாத நேரம் பார்த்து அதைப் பிரிண்ட் எடுத்து, பத்து ஜெராக்ஸ் போட்டு, சொந்தக்காரர் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டேன். வாடிப்பட்டிக்குக் கொடுத்தனுப்பியது மட்டும் பஸ்ஸில் விழுந்துவிட்டதாம். கவலைப்படாதே, உன் பங்கு இத்துடன் இருக்கிறது.