‘ஏன்’ என்று கேட்டதில் போன சட்டை

அன்பும் அறிவும் அளவுக்கு மேலேயே அமைந்த அக்காவுக்கு,

அடங்கிப்போன தம்பி எழுதுவது. இங்கே உன் மகள் பட்டாணி பரம சௌக்கியம். நேற்றைவிட இன்று அரை அங்குலம் வளர்ந்திருப்பதாக அவளே அளந்து சொன்னாள். என் சௌக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்ததுமே "அருமைடா, அப்புறம் என்ன கத்துக்கிட்டா?" என்று கேட்டுவிட்டு நீ பயிற்சி வகுப்புக்கு ஓடிவிடுகிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

ஒரு மாதப் பயிற்சிக்குக் கிளம்பிய அன்று, "எட்டு மாசமா சும்மாதானே இருக்கே, இவளப் பாத்துக்கோ" என்றாய். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டது என் தப்பு. ஃபிரிட்ஜ் கதவில் நீ ஒட்டிவிட்டுப் போன தாளை அப்புறம்தான் படித்தேன். 'கடைக்குப் போவதும் கல்வியே' என்று தலைப்பு. தொடாதே, வேண்டாம் என்று குழந்தையிடம் சொல்லக்கூடாதாம், ஏன் அப்படிச் செய்கிறாய் என்று கேட்க வேண்டுமாம். விடையை நாம் சொல்லக்கூடாதாம், அவளே கண்டுபிடிக்க வேண்டுமாம். எது நடந்தாலும் முயற்சியைப் பாராட்ட வேண்டுமாம். ஐந்து வயதுக்கு இத்தனை உரிமை இருக்கிறது என்று தெரிந்திருந்தால் நான் வளர்ந்தே இருக்க மாட்டேன்.

முதல் பாடம் காய்கறிக் கடையில். எது கனம், எது லேசு என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். இரண்டு கையிலும் தூக்கிப் பார்த்தாள், சந்தேகம் தீராமல் கீழேயும் போட்டுப் பார்த்தாள். தக்காளிக்கும் உருளைக்கிழங்குக்கும் உள்ள வேறுபாடு அவளோடு சேர்த்து என் செருப்புக்கும் புரிந்தது. "நல்ல முயற்சி" என்றேன். கடைக்காரம்மா, "முயற்சியெல்லாம் சரி தம்பி, பெருக்கப் போறது யாரு?" என்றார். பெருக்கினேன். அடுத்து, என் வெளிர்நீலச் சட்டையின் கைப்பொத்தான் ஒன்று அறுந்துவிட்டது. தையல் சாமான் கடையில் அதற்குப் பொருத்தமான பொத்தானை அவளையே கண்டுபிடிக்கவிட்டேன். பச்சையைக் கண்டுபிடித்தாள். அதையே தைத்துக்கொண்டேன்.

அந்தச் சட்டைதான் எனக்கிருக்கும் ஒரே நல்ல சட்டை என்பது உனக்குத் தெரியும். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு, தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்கிற நிறுவனத்தில், புகார்ப் பிரிவில். இந்த மாதம் வந்த ஒரே அழைப்பு. உன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது எனக்கு எவ்வளவு கூச்சம் என்று நான் சொன்னதில்லை. நீ ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை, அதனால் கூச்சம் கூடத்தான் செய்கிறது. ஆகவே சட்டையைச் சலவைக்குப் போட்டு, புதன்கிழமை சாயங்காலம் வாங்கப் போனேன். பாடம் தவறக்கூடாதே என்று பட்டாணியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

சலவைக் கடையில் ரசீது கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறத் துணிக் கீற்று, அதில் இத்தனை முடிச்சு என்று கணக்கு. நமக்கு மஞ்சள், மூன்று முடிச்சு. தேய்த்து மடித்த மூட்டைகளில் கடைக்காரர் அதைச் செருகி வைத்திருப்பார். அவர் உள்ளே இஸ்திரிப் பெட்டியோடு இருந்தார். நான் திரும்பிப் பார்க்கையில் உன் மகள் கீற்றுகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள். தொடாதே என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டு, "ஏன் செல்லம் அப்படிச் செய்யறே?" என்றேன். "மாமா, சிவப்பெல்லாம் ஒரே எடத்துல இல்ல. பாவம், தனியா இருக்கு" என்று ஆரம்பித்து விளக்கினாள். விளக்கம் முடிந்தபோது நாற்பது வீட்டுக் கீற்றுகளும் நிறவாரியாக, வெகு அழகாக, பலகைமேல் இருந்தன. பாராட்டினேன். வெளியே வந்து பார்த்த கடைக்காரர் பாராட்டவில்லை. "எது யாரு துணின்னு இனிமே துணியே வாயத் தொறந்து சொன்னாத்தான் உண்டு" என்று உட்கார்ந்துவிட்டார்.

அவர் ஞாபகத்தை வைத்துக் கொடுத்த மூட்டையில் பழுப்பு நிறச் சட்டை ஒன்று இருந்தது. அதற்குள் நானும் என் எதிர்காலமும் சேர்ந்து நுழையலாம். வேறு வழியில்லை, போட்டுக்கொண்டேன். பட்டாணியைப் பக்கத்து வீட்டில் விடலாமென்றால், அந்த அம்மா கதவைத் திறக்கவில்லை. அவருடைய போர்வைக்குப் பதிலாக யாரோ ஒரு பயில்வானின் கால்சட்டை போயிருந்ததாம். எனவே நேர்முகத் தேர்வுக்கும் அவளை அழைத்துப் போனேன்.

மேலாளர் நான் நுழைந்ததிலிருந்து என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையையே பார்த்தார். அவர் சட்டையோ எந்த நேரமும் தெறித்துவிடும்போல் இறுகியிருந்தது. நான் என் அனுபவத்தை விவரித்துக்கொண்டிருக்கும்போது பட்டாணி, "மாமா, அது உங்க சட்டை" என்றாள். பேசாதே என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வாரப் பழக்கம், "ஏன் அப்படி நெனக்கறே?" என்று கேட்டுத் தொலைத்தேன். அவள் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து விளக்கினாள். "கையில பச்ச பட்டன் இருக்கு. நான் எடுத்தது. இவருக்கு வயித்துல பத்தல. அப்போ இவரு சட்டையத்தான் நீங்க போட்டிருக்கீங்க." மேலாளர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "சரி, நாங்க தகவல் சொல்றோம்" என்றார். அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்பதில் எனக்கு எட்டு மாத அனுபவம் உண்டு.

ஆகவே அக்கா, நான் தீர்மானமாகச் சொல்கிறேன். இந்த வேலையும் போயிற்று, காரணம் உன் தாள். நாளை முதல் கடைக்கு நான் தனியாகத்தான் போவேன். தொடாதே, பேசாதே இரண்டையும் தினம் பத்து முறை சொல்வேன். முடிந்தால் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு வந்து உன் கல்விக்கூடத்தை நீயே நடத்திக்கொள்.

உன் அறிவு இதற்குமேல் வளராமல் நீடூழி வாழ வேண்டும் என்று வேண்டும்,
உன் தம்பி.

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மேலாளரின் உதவியாளர் வந்தார். என் சட்டையும் ஒரு தாளும் கொடுத்தார். 'ஒரு குழந்தை சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல், கோபப்படாமல், ஏன் என்று கேட்கிற ஆள் எங்கள் புகார்ப் பிரிவில் இதுவரை இருந்ததில்லை. திங்கள் முதல் வரவும். என் சட்டையோடு வரவும்.' இரண்டு முறை படித்தேன், கண் கலங்கிவிட்டது. மேலே எழுதியதையெல்லாம் கிழித்துவிடு, பயிற்சியை முடித்துவிட்டே வா, தாளில் விட்டுப்போன விதிகள் இருந்தால் எழுதி அனுப்பு. அவர் சட்டையைச் சலவைக்குப் போட்டிருக்கிறேன். வாங்கப் போகும்போது தானும் வருவேன் என்று பட்டாணி செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். ஏன் என்று கேட்டிருக்கிறேன். விளக்கிக்கொண்டிருக்கிறாள்.