ஒன்றரைக் கதவு

எண்பதுகளின் கடைசியில் ஆவடி சேக்காட்டில் இருந்த கிறிஸ்தவர்கள் சாவுக்கு அஞ்சியதில்லை. சாகிற அன்றைக்குப் பொட்டி நைனாவுக்கு வேறு வேலை வந்துவிடுமோ என்றுதான் அஞ்சினார்கள். எங்கள் பக்கத்தில் சவப்பெட்டி செய்யும் ஒரே தச்சர் அவர். அவருடைய உண்மைப் பெயர் பங்குச் சாமியாருக்கும் ரேஷன் கடைக்கும் மட்டும் தெரியும்.

அவர் பட்டறை எங்கள் வீட்டுக்கு எதிரே. நேரத்தை அவர் மணியில் அளந்து நான் பார்த்ததில்லை. கதவில் அளப்பார். மச்சினி வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் அரைக் கதவு போய்விடும் என்று மனைவியை மட்டும் அனுப்பிவைத்தார். ஒருமுறை பல்வலியில் கன்னம் பலாப்பழமாக வீங்கிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்.

"அங்க போயி க்யூல நின்னா முக்கா கதவு சார். பல்லு தானா வுழுந்தா ஓசி."

விழுந்தது. மூன்று வாரம் கஞ்சி குடித்துக்கொண்டே மரம் இழைத்தார்.

அப்போது திருநின்றவூர்ப் பக்கம் மனை மலிவு. ஃபேக்டரி ஆட்கள் லோன் போட்டு வீடு கட்டத் தொடங்கினார்கள். ஒரு மேஸ்திரி வந்து நாற்பது வீட்டுக்குக் கதவு கேட்டார். மறுநாள் பட்டறைச் சுவரில் சாக்பீஸால் 'பொட்டி கிடையாது' என்று எழுதியிருந்தது.

சாமியார் நேரிலேயே வந்துவிட்டார்.

"இப்படிச் சொன்னா எப்படிப்பா? ஜனங்க எங்க போவாங்க?"

"சாமி, முன்ன எனக்கு வேல கம்மி. பொட்டி செஞ்சேன். இப்ப ஒரு பொட்டி செய்யற நேரத்துல ஒன்றக் கதவு போவுது. அந்த ஒன்றக் கதவு கூலியக் குடுக்கச் சொல்லுங்க, இன்னிக்கே செய்யறேன்."

"இது பாவமில்லையா?"

"பாவந்தான். பாவசங்கீர்த்தனத்துல சொல்லிடறேன். அதுக்குக் கால் கதவுதான் ஆவும்."

சாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வசதி உள்ளவர்கள் ஒன்றரைக் கதவுக் கூலி கொடுத்தார்கள், அவரும் செய்தார். முடியாதவர்கள் பட்டணத்திலிருந்து வேனில் கொண்டுவந்தார்கள். தெருவே அவரைத் திட்டியது. நானும் திட்டினேன்.

அடுத்த மழைக்காலத்தில் எங்களுக்கு முதல் குழந்தை பிறந்தது. ஆண். ஒன்பது நாள் இருந்தான். பத்தாம் நாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து, அவனை மனைவியின் மடியில் வைத்துவிட்டு எதிரே போனேன். நைனா ஒரு தலைவாசல் கதவுக்குத் தேக்குப் பலகை இழைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் கிரகப்பிரவேசம். மதியம் மேஸ்திரியின் வண்டி வந்துவிடும். எல்லாம் எனக்கும் தெரியும்.

"நைனா, சின்னதா ஒண்ணு" என்றேன்.

இழைப்புளியைக் கீழே வைத்தார். "எம்மா நீளம் சார்?"

இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். என் கைகளுக்கு நடுவே தன் கைகளை நுழைத்து, அந்த நீளத்தை அப்படியே வாங்கிக்கொண்டு போனார்.

மூலையில் மாம்பலகை அடுக்கியிருந்தது. பெட்டிகளை அதில்தான் செய்வார். அதைத் தொடவில்லை. தேக்கில் ரம்பத்தை வைத்தார்.

"அது கதவுக்கு வச்சது, நைனா."

"தெரியும் சார். இன்னா போவுதுன்னு தெரிஞ்சிதான் அறுக்கறேன்."

சவப்பெட்டியின் உள்பக்கத்தை யாரும் இழைப்பதில்லை. துணி ஒட்டி மறைத்துவிடுவார்கள். அவர் உள்பக்கத்துக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். மறுபடியும் தேய்த்தார். மேஸ்திரி வந்து நின்று கத்தியபோதும் நிமிரவில்லை.

"நாளைக்கு வாசல்ல என்னத்தய்யா மாட்டறது?"

"சாக்கு கட்டிக்க, மேஸ்திரி."

மிச்ச வீடுகளின் கதவெல்லாம் மண்ணூர்பேட்டைத் தச்சர் ஒருவருக்குப் போயின.

பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துக்கு அவரே சுமந்து வந்தார். இடுப்பு வேட்டியெல்லாம் மரத்தூள். மண் மூடி முடியும்வரை என் பக்கத்தில் நின்றார். கூலியை நீட்டினேன். என் கையை மூடிவிட்டு நடந்தார்.

அதன் பிறகு அவருக்குக் கதவு வேலை அதிகம் வரவில்லை. பழைய கூலிக்கே எல்லோருக்கும் பெட்டி செய்தார். மனம் திரும்பிய தச்சர் என்று சாமியார் பிரசங்கத்தில் புகழ்ந்தார். பூசை முடிந்ததும் நைனா அவரை வழிமறித்து, "மனசெல்லாம் திரும்பல சாமி. கதவு வரல, அவ்ளோதான்" என்று திருத்தினார்.

சில வருடங்களில் நாங்கள் அம்பத்தூருக்கு வீடு மாறினோம். அவர் திருநின்றவூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். அவர் இறந்த செய்தி எங்களுக்கு வந்தபோது அடக்கம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அவர் எங்களுக்கு எந்த வகையிலும் உறவில்லை. என் மனைவி அன்று அடுப்புப் பற்றவைக்கவில்லை.