தாம்பாளத்தில் சுற்றிய தேங்காய்

சிக்கல்
20.5.1993

சிரஞ்சீவி மருமகன் பால்சாமிக்கு மாமன் கூத்தையா எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அத்தையும், உன்னை நம்பியிருந்த என் மகள் இராமலட்சுமியும் சுகம். உன் சுகத்தை நான் கேட்கப்போவதில்லை.

போன வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தத்தில் யாரோ ஒருவர் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார். ஆராய்ச்சி என்று சொல்லி உட்கார்ந்திருக்கலாம். நீ எழுந்து நின்று, "சுத்துற உருண்டைய முன்னயும் பின்னயும் அசைச்சா, உள்ள இருக்க தண்ணி என்ன செய்யும்னு பாக்குறேன்" என்றாய். ஆறு வருஷமாக இதையா பார்த்தாய்? செக்குமாடு ஆயுள் முழுக்கச் சுற்றுகிறது, அதற்கு யாரும் டாக்டர் பட்டம் கொடுக்கவில்லை. நம் கண்மாய்க்கு எப்போது தண்ணீர் வரும் என்று கேட்டால் அது உன் டிபார்ட்மெண்ட் இல்லையாம்.

அத்தோடு விட்டாயா? உன் அம்மா கொண்டுவந்த தேங்காயைத் தாம்பாளத்தில் சுற்றிவிட்டாய், இப்படியும் அப்படியும் திருகினாய், "ஓடு திரும்புனாலும் தண்ணி ஒடனே திரும்பாது" என்று பாடம் நடத்தினாய், சுற்றுகிற காயை விரலால் நிறுத்தி விரலை எடுத்தாய். அது தானாக மறுபடி சுற்றியதும் உன் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்து நான் வைத்த தேங்காயை எடுத்து அதே வேலையைச் செய்தாய். அது நின்றது நின்றதுதான். "மாமா, இதுல தண்ணி இல்ல, காய் கெட்டுருச்சு" என்று எழுபது பேர் முன்னால் சொன்னாய்.

அது பெரியபட்டினத்தில் வாவு முகம்மது தோப்பில் நானே காதில் வைத்து ஆட்டி, தண்ணீர்ச் சத்தம் கேட்டு எடுத்த காய். இருபத்தைந்து வருஷமாக இந்த ஊரில் எந்தக் கல்யாணத்துக்கும் நான் ஆட்டிப் பார்த்துத் தலையசைத்தால்தான் தேங்காய் தட்டேறும். இன்று என்னைக் கண்டதும் டீக்கடையில் டம்ளரைச் சுற்றிவிட்டுச் சிரிக்கிறார்கள்.

ஆகவே கல்யாணம் இல்லை. இராமலட்சுமி அழுகிறாள். "காய ஒடச்சுப் பாத்துருவமா அய்யா" என்று மட்டும் கேட்டாள். என் வாக்கை உடைத்துப் பார்க்க வேண்டியதில்லை என்றேன்.

என் அக்காவுக்கு வணக்கம். தாய்மாமன் என்ற முறைக்கு உனக்கும் ஆசி உண்டு: எங்கேயாவது ஓரிடத்தில் சுற்றாமல் நிலைத்து நிற்பாயாக.

இப்படிக்கு,
கூத்தையா

பின்குறிப்பு: நான் கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் இராமலட்சுமி காயை உடைத்துவிட்டாள். உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை, நாற்றம் தெருவரைக்கும் போனது. அவள் என்னைக் குறை சொல்லவில்லை. "எத்தன நாளா அய்யா காது கேக்கல?" என்றாள். மூன்று வருஷம். பேச்சு கேட்கிறது, காய்க்குள் தண்ணீர் ஆடும் மெல்லிய சத்தம்தான் கேட்பதில்லை. உன் அத்தைக்குக்கூடத் தெரியாது. வேறு இன்லண்ட் லெட்டர் இல்லாததால் இதையே அனுப்புகிறேன், மேலே உள்ளதைக் கிழித்துப் போடு. கல்யாணம் குறித்த நாளில்தான். இருநூறு தேங்காய் வந்து இறங்கும். இரண்டு நாள் முந்தி வந்து, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்து, நல்லதை மட்டும் வெளியே உருட்டிவிடு. நான் வாசலில் நின்று காதில் வைத்து ஆட்டுகிறேன்.